ஐம்பதுக்கு மேல் தெருப் புகைப்படம்: சிங்கப்பூரில் தொடங்குவோருக்கு முழு வழிகாட்டி

தெருவில் போய் முன்பின் தெரியாதவர்களைப் படம் எடுப்பது இளவட்டங்களின் வேலை என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. கறுப்புச் சட்டை, கழுத்தில் தொங்கும் கேமரா, வேகமான நடை, படத்தை எடுத்துவிட்டு ஒரு நழுவல். நான் நேர்மாறாகத்தான் சொல்வேன். இந்தக் கலைக்கு முக்கியமாக வேண்டியவை இரண்டு: ஒரே இடத்தில் சலிக்காமல் நிற்கும் பொறுமை, அறியாத மனிதரிடம் கூச்சமில்லாமல் நாலு வார்த்தை பேசும் பழக்கம். இரண்டும் நம்மில் பலருக்கு ஐம்பது தாண்டித்தான் கூடி வருகின்றன. அதோடு, தலை நரைத்த ஒருவர் காப்பிக்கடை ஓரம் அரை மணி நேரம் சும்மா நின்றால் இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது எவ்வளவு பெரிய வசதி என்று இருபத்தைந்து வயதுப் பையனைக் கேட்டுப் பாருங்கள்.

தாமதமாகத் தொடங்கியவர்களும் புதிதில்லை. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரூனுக்கு மகளும் மருமகனும் 1863-ல் ஒரு கேமராவைப் பரிசளித்தபோது அவருக்கு வயது 48. கடைசிக் காலத்தில் இலங்கைக்குக் குடிபோய் அங்கே தோட்டத் தொழிலாளர்களாக இருந்த தமிழர்களையும் அவர் படம் எடுத்திருக்கிறார். ஜப்பானின் கிமிகோ நிஷிமோட்டோ கேமராவைத் தொட்டதே 72 வயதில்தான். ஆகவே வயதுக் கணக்கை இத்தோடு விட்டுவிட்டு வேலைக்கு வருவோம்.

முதல் மாதம் கைபேசி போதும்

கேமரா வாங்கும் ஆசையை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். முதலில் புதுக் கருவி வாங்கி, அதன் புத்தகத்தைப் படித்து, யூடியூபில் அதற்கான காணொளிகளைப் பார்த்து முடிப்பதற்குள் ஆர்வம் வடிந்துவிடும், நண்பர்கள் பலர் வீட்டு அலமாரியில் இதற்குச் சாட்சி இருக்கிறது.

உங்கள் கைபேசியின் முதன்மை லென்ஸ், பழைய பிலிம் கேமராக் கணக்கில் ஏறக்குறைய 24 முதல் 26 மில்லிமீட்டர். அகலமான பார்வை. அதனால் ஆளுக்குப் பக்கத்தில் போயே ஆக வேண்டும், தூரத்தில் நின்று விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுத்தால் படம் தெளிவிழந்து போவதோடு, திருட்டுத்தனமாக எடுத்த மாதிரியும் தெரியும். பெரிதாக்கும் வேலையை இந்த ஒரு மாதம் அடியோடு மறந்துவிடுங்கள்.

செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். வெளியே இறங்குவதற்கு முன் லென்ஸைத் துடையுங்கள், சட்டைப் பையில் கிடந்து எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய லென்ஸ்தான் பாதிப் படங்கள் பனி மூட்டமாக வரக் காரணம். கேமரா அமைப்புக்குள் போய் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள், தூண்களும் சுவர்களும் சாயாமல் இருக்க உதவும். ஒலியை அடக்கிவிடுங்கள். திரையில் ஓர் இடத்தை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் குவியமும் (ஃபோகஸ்) ஒளியும் அங்கேயே பூட்டிக்கொள்ளும், பிறகு விரலைக் கீழே இழுத்தால் படம் இருட்டாகும். நம் ஊர் வெயிலுக்கு இந்த ஒரு வித்தை மட்டுமே பாதிப் பாடம். வெளிச்சம் விழும் இடத்தைத் தொட்டுக் கொஞ்சம் இருட்டாக்குங்கள், நிழல் கறுத்துப் போகட்டும், பரவாயில்லை. படமெடுக்கத் திரையைத் தட்டாமல் ஒலியளவுப் பொத்தானை அழுத்துங்கள், கை ஆடாது.

எங்கே போவது? எங்கும் போக வேண்டாம். உங்கள் புளோக்கின் கீழ்த்தளம், பேருந்து நிறுத்தம், ஈரச்சந்தைக்குப் போகும் நடைபாதை, அவ்வளவுதான். முதல் வாரம் நிழல்களை மட்டும் எடுங்கள். அடுத்த வாரம் கைகளை மட்டும்: காய் பொறுக்கும் கை, செய்தித்தாள் பிடித்த கை, கோப்பி கலக்கும் கை. மூன்றாம் வாரம் ஒரே ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் நடப்பவர்களை எடுங்கள். முகத்துக்கு நான்காம் வாரம் வாருங்கள். கைகளில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, யாரையும் சங்கடப்படுத்தாமல் அருகில் போய்ப் பழகலாம்.

கண், முட்டி, கை

இளைஞர்களுக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நமக்கோ இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நாற்பத்தைந்தை ஒட்டி வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. கைபேசித் திரையைப் பார்க்க வாசிப்புக் கண்ணாடி வேண்டும், தெருவைப் பார்க்க அது இடைஞ்சல். போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றி, கடைசியில் படம் நழுவிவிடும். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் உள்ள கேமரா இந்தத் தொல்லையை அப்படியே தீர்த்துவிடுகிறது, அதன் ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், அதற்கு டயாப்டர் என்று பெயர், உங்கள் பார்வைக்கு ஏற்ப அதைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். எப்படித் திருப்புவது? நீங்கள் தெருவில் எந்தக் கண்ணாடியோடு நடப்பீர்களோ அதைப் போட்டுக்கொண்டு (கண்ணாடி இல்லாமல் நடப்பவர் இல்லாமலே) உள்ளே தெரியும் எண்களையும் எழுத்துகளையும் மட்டும் பாருங்கள், காட்சியைப் பார்க்காதீர்கள். எழுத்து பளிச்சென்று ஆகும் வரை திருப்புங்கள். கடையில் கேமராவைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் சோதனை இது. சக்கரம் முழுதாகத் திரும்பியும் எழுத்து மங்கலாகவே இருந்தால் அந்தக் கேமரா உங்களுக்கு இல்லை, விற்பனையாளர் எவ்வளவு புகழ்ந்தாலும் சரி. கண்ணாடி போட்டபடி பார்க்கும்போது நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். போலரைஸ்டு குளிர்க்கண்ணாடி அணிபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: கேமராவை ஒரு கோணத்தில் திருப்பினால் திரை கறுப்பாகிவிடலாம். கேமரா பழுதாகவில்லை, பதறாதீர்கள்.

முட்டிக்கு ஒரே தீர்வு மடக்கித் திருப்பும் திரை. தாழ்வான கோணத்துக்குக் குந்தி உட்கார வேண்டியதில்லை, கேமராவை இடுப்புக்குக் கீழே பிடித்து, திரையை மேல்நோக்கித் திருப்பிக் குனிந்து பார்த்தால் போதும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. கண்ணில் கேமரா வைத்தவரைப் பார்த்தால் ஆட்கள் விறைத்துக்கொள்கிறார்கள், குனிந்து ஏதோ நோண்டிக்கொண்டிருப்பவரை யாரும் கண்டுகொள்வதில்லை.

கை நடுக்கத்துக்கு, ஷட்டர் திறந்து ஒளி உள்ளே விழும் நேரம் 1/250 விநாடிக்கு மேல் போகாதபடி ஷட்டர் வேகத்தை வையுங்கள், முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள், மூச்சை விட்டபடி அழுத்துங்கள். ஆட்டத்தைத் தடுக்கும் வசதி என்று கேமராக்காரர்கள் விளம்பரம் செய்வது உங்கள் கை ஆடுவதைத்தான் சரிசெய்யும், நடந்து போகிறவர் கலங்கித் தெரிவதை அது தடுக்காது.

எடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்டகக் கேமராவும் அகலத் திறப்புள்ள ஜூம் லென்ஸும் சேர்ந்தால் ஒன்றரைக் கிலோவைத் தொடும். அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தேக்காவில் இரண்டு மணி நேரம் நின்றவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார்.

கேமரா வாங்கித்தான் ஆவேன் என்றால்

ஒரு மாதம் முடிந்தும் ஆர்வம் இருந்தால் வாங்குங்கள். சிறியதாக, லென்ஸ் மாற்றத் தேவையில்லாததாக, 28 முதல் 40 மில்லிமீட்டருக்குள் ஒரே பார்வை உள்ளதாக. ரிக்கோ ஜிஆர் 3 மின்கலத்தோடு 257 கிராம்தான், சட்டைப் பையில் போகும், 28 மில்லிமீட்டர் பார்வை. அதன் அண்ணன் தம்பியான ஜிஆர் 3 எக்ஸ் 40 மில்லிமீட்டர். ஆனால் இரண்டிலும் வியூஃபைண்டர் கிடையாது, வெள்ளெழுத்துக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஃபியூஜி எக்ஸ்100 வரிசையில் 35 மில்லிமீட்டர் பார்வையும் நல்ல வியூஃபைண்டரும் உண்டு, விலைதான் கசக்கும். ஒலிம்பஸ், பானசோனிக் நிறுவனங்களின் பழைய மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ் (சிறிய சென்சார் வகை) கேமரா ஒன்றைச் சிறிய லென்ஸோடு சில நூறு வெள்ளிக்குப் பழையதாக வாங்கலாம், என் ஓட்டு அதற்குத்தான்.

பழைய கேமராவுக்குக் கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டரை ஒரு சுற்றுச் சுற்றுங்கள், கேரோசல் இணையச் சந்தையிலும் கிடைக்கும். வாங்கும்போது கைபேசி விளக்கை லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கம் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை. நம் ஈரக்காற்றில் அது பரவிக்கொண்டே போகும், எவ்வளவு மலிவென்றாலும் வாங்காதீர்கள்.

அமைப்பை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்

தெருவில் நின்று பொத்தான்களைத் தேடக் கூடாது. வீட்டிலேயே இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: திறப்பு (லென்ஸில் ஒளி நுழையும் வாய், எண் குறைந்தால் அகலம்) எஃப் 8, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/250, ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) தானியங்கி, உச்ச வரம்பு 6400. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 200-க்கு இதே எஃப் 8-ல் ஷட்டர் வேகம் தானாகவே 1/800 வாக்கில் போய் நிற்கும், எனவே பகலில் கவலையே இல்லை. மாலையில் கடைவீடுகளின் முன்னால் கூரையோடு இருக்கும் ஐந்தடி நடைபாதைக்குள் நுழையும்போது திறப்பை எஃப் 4-க்கோ 2.8-க்கோ மாற்றினால் போதும்.

குவியத்தை முன்கூட்டியே ஓர் இடத்தில் நிறுத்திவைக்கும் பழைய முறையையும் கற்றுக்கொள்ளுங்கள். ஜிஆர் 3 போன்ற கேமராவில் எஃப் 8 வைத்துக் குவியத்தை இரண்டு மீட்டரில் நிறுத்தினால், ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை எல்லாமே தெளிவாக விழும். கேமரா குவியம் தேடித் தடுமாறும் நேரமே இல்லை, அழுத்தினால் படம். இரண்டு மீட்டர் எவ்வளவு தூரம் என்று வீட்டுக் கூடத்தில் நாடா வைத்து அளந்து பார்த்துக் கண்ணுக்குப் பழக்கிவிடுங்கள். இது கேட்கும்போது சிரமமாகத் தோன்றும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஒரே தெரு, ஒரே மூலை

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். புதிதாகத் தொடங்குபவர்கள் ஊர் முழுக்க அலைகிறார்கள், காலையில் சைனாடவுன், மதியம் ஹாஜி லேன், மாலையில் மரினா பே. கால் வலியும், யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கக்கூடிய படங்களும்தான் மிஞ்சும். நம் வயதில் அலைவதை விட்டுவிட்டு நிற்பதில்தான் லாபம்.

ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். தமிழர்களான நமக்குத் தேக்கா வட்டாரம் இயல்பாக வரும்: பஃபலோ ரோட்டின் காய்கறிக் கடைகள், கேம்பல் லேன் பூமாலைக் கடைகள், டன்லப் ஸ்திரீட்டின் கடைவீடுகள், சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் வாசல். அதற்குள்ளும் ஒரு மூலையைப் பிடியுங்கள். முதலில் பின்னணியைப் பாருங்கள், ஆளைப் பார்க்காதீர்கள். சுத்தமான ஒரு சுவர், வெளிச்சம் சாய்வாக விழும் ஒரு தூண், மஞ்சள் கதவு, எதுவாகவும் இருக்கலாம். அந்த இடத்தைப் படச்சட்டத்துக்குள் (ஃபிரேம்) வைத்து, தொட்டி, மோட்டார் சைக்கிள், குப்பைப் பை எல்லாம் வெளியே போகும்படி அரை அடி இப்படி அப்படி நகர்ந்து சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு காத்திருங்கள். கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நிற்பவர் பந்தைத் துரத்துவதில்லை, அது வரும் என்று கையை விரித்து நிற்கிறார், அந்த நிலைதான் வேண்டும். பூக்கூடையோடு ஓர் அக்கா வருவார், குடை பிடித்த தாத்தா வருவார், சாமிக்குத் தேங்காய் வாங்கிய பையன் ஓடுவான். யார் வந்தாலும் சட்டம் தயாராக இருக்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: தலைகள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. ஒருவர் தோளுக்குப் பின்னால் இன்னொருவர் தலை முளைத்தால் படம் குழம்பும். இருவருக்கும் நடுவே ஒரு விரல் அகலம் வெளி தெரியும் நொடியில் அழுத்துங்கள். முன்னால் ஒருவர், நடுவில் ஒருவர், தூரத்தில் ஒருவர் என மூன்று தளங்களும் ஒட்டாமல் அமைந்துவிட்டால் அன்றைக்கு அதிர்ஷ்டம். பெரும்பாலும் அமையாது.

வெளிச்சம் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் ஐரோப்பிய வெயிலுக்கு எழுதப்பட்டவை. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். வருடம் முழுக்கச் சூரியன் காலை ஏழு மணி வாக்கில் எழுந்து மாலை ஏழு வாக்கில் விழுகிறது, அதுவும் செங்குத்தாக. அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் தங்க வெளிச்சம் இங்கே சட்டென்று முடிந்துவிடும், அந்தி நீலம் இருபது நிமிடம் நின்றால் அதிகம். ஆகவே காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை ஒரு வேளை, மாலை ஐந்திலிருந்து ஏழரை வரை இன்னொரு வேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரச்சந்தையின் உயிர் காலையில்தான் இருக்கிறது என்பதால் காலை வேளையில் வெளிச்சமும் சந்தையும் பொருந்தி வருகின்றன.

நடுப்பகலை வீணான நேரம் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உச்சி வெயிலில் தெருவின் வெளிச்சம் ஐந்தடி நடைபாதைக்குள் பட்டுத் தெறித்து முகங்களின் மேல் மென்மையாக விழும், ஸ்டூடியோவில் காசு கொடுத்தாலும் அப்படிக் கிடைக்காது. நிழலுக்குள் நின்றுகொண்டு நிழலில் இருப்பவரை எடுங்கள், வெயில் தெருவைச் சட்டத்தில் சேர்க்காதீர்கள். ராஃபிள்ஸ் பிளேஸில் இதே நேரம் வேறு மாதிரி, உயரக் கட்டடங்களின் கண்ணாடியில் பட்ட வெயில் தரையில் சதுரம் சதுரமாக விழுகிறது, சாப்பாட்டு நேரத்துக் கூட்டம் அதைக் கடந்து போகும். ஒரு சதுரத்தைத் தேர்ந்தெடுத்து, ஒளியை அதற்கே பூட்டிவிட்டு நில்லுங்கள்.

தேக்கா சலித்தால் மற்ற இடங்கள். சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் பக்கம் சீனச் சதுரங்கம் ஆடும் தாத்தாக்கள், நோன்பு மாதத்தில் கேலாங் சிராய் இரவுச் சந்தை, தோ பாயோ நடுவம். தைப்பூசமும் தீமிதியும் நமக்கே உரியவை, ஆனால் அவை தொடக்கத்துக்கு ஏற்றவை அல்ல. கூட்டம், நெரிசல், நூறு கேமராக்கள். ஒரு வருடம் பழகியபின் போங்கள். தைப்பூச ஊர்வலம் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நடக்கும், வழியெல்லாம் நிற்க இடமிருக்கிறது. காவடி எடுப்பவர் முகத்தில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள், அவர் நடைக்குக் குறுக்கே பின்னோக்கி நடந்துகொண்டு எடுக்காதீர்கள். கூட வரும் குடும்பத்தினர், களைத்து உட்கார்ந்த அண்ணன், தண்ணீர் கொடுக்கும் கை, இவற்றில்தான் படம் இருக்கிறது, அலகு குத்திய முகத்தை ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்துவிட்டார்கள்.

ஆட்களோடு பேசுவது

கேட்டு எடுக்க வேண்டுமா, கேட்காமல் எடுக்கலாமா? இதைப் பற்றி நாள் முழுக்கச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. என் வழக்கம் இது: நடந்துபோகும் கூட்டத்தில் ஒருவராகத் தெரிபவரைக் கேட்பதில்லை. ஒருவர் முகமே படம் என்றால் கேட்பேன். கடை வைத்திருப்பவரிடம் முதலில் ஏதாவது வாங்கிவிட்டுக் கேட்பேன்.

கேட்பதற்குப் பெரிய பேச்சு வேண்டாம். "அக்கா, இந்தப் பூவோட ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" போதும். மலாய்க்காரப் பெரியவரிடம் "போலே அம்பில் கம்பார், பாக்சிக்?" என்றால் சிரித்துவிடுவார். சீன ஆன்ட்டியிடம் கேமராவைக் காட்டி "ஆன்ட்டி, கேன் ஆ?" இதைவிடச் சுருக்கமான சிங்கப்பூர் மொழி இல்லை.

சரி, சம்மதித்துவிட்டார். உடனே நிமிர்ந்து, இரண்டு விரலைக் காட்டிச் சிரிப்பார். அதையும் எடுங்கள், திரையில் காட்டுங்கள், நன்றி சொல்லுங்கள். ஆனால் உடனே நகர்ந்துவிடாதீர்கள். பூ விலை என்ன, மல்லிகை எங்கிருந்து வருகிறது என்று பேசிக்கொண்டிருங்கள். சில நிமிடங்களில் அவர் உங்களை மறந்து நார் கிழிக்கத் தொடங்குவார். நீங்கள் காத்திருந்தது அதற்குத்தான். அனுமதியும் இருக்கிறது, இயல்பும் இருக்கிறது. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை 4ஆர் அளவில் அச்சுப் போட்டுக் கொடுங்கள். அந்த மூலையில் உங்களுக்கு நிரந்தர இடம் கிடைத்துவிடும்.

ஞாயிறு மாலைகளில் லிட்டில் இந்தியாவில் கூடும் வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு ஒரு நாள் நண்பர்களைப் பார்க்க வருகிறார்கள். புல்வெளியில் படுத்திருப்பவரை, தூங்குபவரை, ஊருக்கு அழைத்து அழுதுகொண்டே பேசுபவரைத் தூரத்திலிருந்து எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை, எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும். நமக்கு மொழி தெரியும். "தம்பி, எந்த ஊரு?" என்று கேட்டால் போதும், புதுக்கோட்டை என்பார், மன்னார்குடி என்பார், நண்பர்களையும் கூப்பிட்டு வரிசையாக நின்று படம் எடுக்கச் சொல்வார், ஊருக்கு அனுப்ப. வேறு எந்தப் புகைப்படக்காரருக்கும் கிடைக்காத வாசல் அது.

சட்டம். சிங்கப்பூரில் பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுப்பதற்குப் பொதுவான தடை கிடையாது. ஆனால் எல்லைகள் உண்டு. ராணுவ முகாம்கள் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் நான்கு மொழியிலும் பலகை வைத்திருப்பார்கள், அங்கே கேமராவை எடுக்காதீர்கள், 2017-ல் நிறைவேறிய உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டம் கடுமையானது. உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளிலும் எடுக்கக் கூடாது. கடைத்தொகுதிகள் தனியார் இடம், காவலர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒருவரைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தால் 2014-ன் தொல்லைத் தடுப்புச் சட்டம் பாயும், ஒருவரின் அந்தரங்கத்தைப் படமெடுப்பது 2020 முதல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். மின்படிக்கட்டில் கேமராவைத் தாழ்த்திப் பிடிக்கும் பழக்கத்தை, நோக்கம் எதுவானாலும், விட்டுவிடுங்கள். கோயிலில் மூலவர் சன்னதியை எடுக்காதீர்கள், பிரகாரத்துக்கும் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளைகளைப் பெற்றோர் சம்மதமில்லாமல் எடுப்பதே இல்லை என்று வைத்துக்கொண்டால் நிம்மதி.

யாராவது ஆட்சேபித்தால் வாதாடாதீர்கள். சட்டம் என் பக்கம் என்று நடுத்தெருவில் நிரூபித்து என்ன ஆகப் போகிறது? மன்னிப்புக் கேட்டு, அவர் கண் முன்னாலேயே அழித்துக் காட்டுங்கள். கைபேசியில் அழித்த படங்கள் தனிக் கோப்பில் சில வாரம் கிடக்கும், அங்கிருந்தும் அழியுங்கள், இளையவர்களுக்கு அது தெரியும், கேட்பார்கள்.

வெயில், மழை, பூஞ்சை

குளிரூட்டிய எம்ஆர்டியிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைக்கத் துடைக்க மறுபடி வரும். கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் வெளிக்காற்றில் நடங்கள், அல்லது ஒரு தே ஓ குடியுங்கள், தானாகச் சரியாகும். மழை வந்தால் ஓடாதீர்கள், ஐந்தடியில் ஒதுங்கி நின்று எடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழையில் குடைகளும் ஈரத் தரையில் விழும் கடை விளக்குகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் கேமராவை அலமாரித் துணிக்குள் வைக்காதீர்கள், ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்கும் உலர்பெட்டி ஒன்று வாங்குங்கள், சின்னது போதும். தொப்பி, தண்ணீர், மாத்திரை நேரம், இவையெல்லாம் உங்களுக்கே தெரியும்.

தேர்ந்தெடுப்பதும் சேர்த்து வைப்பதும்

எடுப்பதைவிட இதுதான் கடினம். வீட்டுக்கு வந்ததும் படங்களைப் பார்க்காதீர்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், அன்றைய வெயிலும் பேச்சும் மறந்து படம் மட்டும் தெரியும். அதுவரை எதையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அத்தை போடும் இதயக்குறியில் தேறிய படம் எது, தேறாத படம் எது என்ற வித்தியாசமே போய்விடும். மாதத்துக்குப் பத்துப் படம் வைத்துக்கொண்டால் அதிகம். பத்தையும் சிறிய அளவில் அச்சுப் போட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்புங்கள், திரையில் தெரியாத குறைகள் காகிதத்தில் தெரியும், இரண்டு மூன்றை நீங்களே கவிழ்த்து வைத்துவிடுவீர்கள்.

துணை வேண்டுமென்றால் சமூக மன்றங்களில் வகுப்பு நடக்கிறது, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நேஷனல் சில்வர் அகாடமி வழியாகக் கட்டணச் சலுகையோடு பாடங்கள் உண்டு. மிடில் ரோட்டிலுள்ள ஒப்ஜெக்டிஃப்ஸ் மையத்தில் கண்காட்சிகளை இலவசமாகவே பார்க்கலாம். நல்ல படங்களைச் சுவரில் பார்ப்பது, நாலு வகுப்புக்குச் சமம்.

அந்த மையத்தில்தான் 2018-ல், துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்த லுய் ஹொக் செங் என்பவரின் முதல் தனிக் கண்காட்சி நடந்தது, அப்போது அவருக்கு வயது 81. இளமையில் அவர் எடுத்த பழைய சிங்கப்பூர் படங்களைப் பார்க்க அரை நூற்றாண்டு கழித்து ஆட்கள் வந்தார்கள். இந்த ஊர் எவ்வளவு வேகமாக உருமாறுகிறது என்று நினைத்துப் பாருங்கள். சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது, பேர்ல் பேங்க் குடியிருப்பை இடித்தாயிற்று. இன்றைக்கு நீங்கள் எடுக்கும் சாதாரணக் காப்பிக்கடைக்கும் அதே கதி வரலாம்.

ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் தேதி, தெரு, கடையின் பெயர் எழுதி வையுங்கள், இரண்டு ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். இணைய மேகத்தில் (கிளவுட்) சேமிப்பவர்கள் அந்தக் கடவுச்சொல்லைப் பிள்ளைகளில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.